சன்னதுக்குப் (வழக்கறிஞராகப் பதிவு செய்த) பிறகு படிக்க வேண்டியவை: குமரி – கேரள எல்லையில் தொழில் தொடங்கும் வழக்கறிஞர்களுக்கு

குழித்துறை நீதிமன்ற வளாகத்துக்கு ஆண்டுதோறும் புதிதாகக் கோட்டு அணிந்து வரும் இளையவர்களில் யாராவது ஒருவர் இந்தக் கேள்வியைக் கேட்டுவிடுவார்: வழக்கறிஞர்கள் ஆண்டுக்கு இத்தனை மணி நேரம் தொடர்கல்வி படித்தாக வேண்டும் என்று நம் நாட்டில் விதி இருக்கிறதா? வெளிநாட்டில் இருக்கும் உறவினர் யாராவது சொல்லி அனுப்பிய கேள்வியாகத்தான் அது பெரும்பாலும் இருக்கும். அமெரிக்காவின் மின்னசோட்டா மாநிலம் 1975-லேயே இதைக் கட்டாயமாக்கி, மூன்று ஆண்டுகளுக்கு 45 மணி நேரம் என்று வகுத்தது. நியூயார்க்கில் புதிதாகப் பதிவு செய்தவர் முதல் இரண்டு ஆண்டுகளில் 32 மணி நேரமும், அதன் பிறகு இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை 24 மணி நேரமும் கணக்குக் காட்ட வேண்டும். இங்கிலாந்தில் சொலிசிட்டர்கள் எனப்படும் சட்ட ஆலோசகர்களுக்கு ஆண்டுக்கு 16 மணி நேரம் என்றிருந்த கணக்கை 2016-இல் எடுத்துவிட்டு, தமக்கு என்ன தேவை என்பதைத் தாமே ஆராய்ந்து படித்ததாக அறிவிக்கும் முறையைக் கொண்டுவந்தார்கள்.

இந்தியாவில் அப்படி ஒரு மணிக்கணக்கு இல்லை. 1961-ஆம் ஆண்டின் வழக்கறிஞர்கள் சட்டம், அதன் 6-ஆம் பிரிவில், கருத்தரங்குகளும் சட்டச் சொற்பொழிவுகளும் நடத்துவதை, வழக்கறிஞர்களைப் பதிவு செய்யும் மாநில பார் கவுன்சில்களின் பணிகளில் ஒன்றாகச் சேர்த்திருக்கிறது. ஆனால் பதிவேட்டில் பெயர் உள்ளவர் அவற்றுக்கு வந்து உட்கார வேண்டும் என்று எங்கும் சொல்லவில்லை. ஆகவே நம்முடைய அறியாமை முதன்முதலில் வெளிப்படும் இடம் திறந்த நீதிமன்றமாகிவிடுகிறது, அதுவும் பெரும்பாலும் கட்சிக்காரர் பின்வரிசையில் நின்று பார்த்துக்கொண்டிருக்கும்போது. கட்டாயமாக உள்ளவை எவை, கட்டாயமில்லாவிட்டாலும் இந்த எல்லைப் பகுதியில் படித்தே தீர வேண்டியவை எவை என்பதை வரிசைப்படுத்தி எழுதுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

முதலில், கட்டாயமானவற்றை முடித்துவிடுங்கள்

பதிவுக்கு முன்பு ஓராண்டுப் பயிற்சி வேண்டும் என்று 1995-இல் பார் கவுன்சில் ஆஃப் இந்தியா கொண்டுவந்த விதிகளை, வி. சுதீர் வழக்கில் 1999-இல் உச்ச நீதிமன்றம் நீக்கிவிட்டது. அதனால்தான் இன்று சட்டக் கல்லூரியிலிருந்து நேராக நீதிமன்றத்துக்கு வந்துவிட முடிகிறது. அதற்குப் பதிலாக 2010-இல் அறிவிக்கப்பட்டு 2011 மார்ச் மாதம் முதன்முறையாக நடந்தது அகில இந்திய பார் தேர்வு. அந்தத் தேர்வை நடத்தும் அதிகாரம் பார் கவுன்சிலுக்கு உண்டு என்று உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு 2023 பிப்ரவரி 10 அன்று உறுதி செய்தது. நூறு கொள்குறி வினாக்கள், தவறான விடைக்கு மதிப்பெண் குறைப்பு இல்லை. தேர்ச்சி மதிப்பெண் பொதுப் பிரிவினருக்கு 45 விழுக்காடு, பட்டியலினத்தவருக்கும் பழங்குடியினருக்கும் 40 விழுக்காடு. குறிப்பு எதுவும் எழுதப்படாத சட்ட மூலப் பிரதிகளை அறைக்குள் கொண்டுபோகலாம் என்பதால் எளிது என்று எண்ணிவிட வேண்டாம். பிரிவு எங்கே இருக்கிறது என்று முன்பே பழகியிருப்பவருக்குத்தான் அந்தப் பிரதி உதவும். பதிவு செய்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுகளுக்குள் தேர்ச்சி பெற வேண்டும் என்பதை மறக்காமல் நாட்குறிப்பில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

பதிவுக் கட்டணம் குறித்தும் ஒரு சொல். சட்டம் வகுத்த தொகை மாநில பார் கவுன்சிலுக்கு 600 ரூபாயும் பார் கவுன்சில் ஆஃப் இந்தியாவுக்கு 150 ரூபாயும் ஆகும். அதற்கு மேல் வேறு வேறு பெயர்களில் பதிவுக்காக வசூலிக்கக் கூடாது என்று 2024 ஜூலை 30 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது. இதன்றி, 2015-ஆம் ஆண்டின் சரிபார்ப்பு விதிகளின்படி தொழில் செய்வதற்கான சான்றிதழைப் பெற்று, ஐந்தாண்டுக்கு ஒருமுறை புதுப்பித்துக்கொள்ள வேண்டும்.

எந்த மாநிலத்தில் பெயர் பதிப்பது

களியக்காவிளையைத் தாண்டினால் பாறசாலை, அதற்கு அப்பால் நெய்யாற்றின்கரை நீதிமன்றங்கள். இப்பக்கம் குழித்துறை, பத்மநாபபுரம், நாகர்கோவில். வீடு ஒரு மாநிலத்திலும் வழக்குகள் இரண்டு மாநிலங்களிலும் இருப்பது இங்கே இயல்பு. ஒரே நேரத்தில் இரு மாநிலப் பதிவேடுகளில் பெயர் இருக்கக் கூடாது என்று வழக்கறிஞர்கள் சட்டத்தின் 17-ஆம் பிரிவு தடுக்கிறது. பின்னர் மனம் மாறினால் 18-ஆம் பிரிவின்படி கட்டணமின்றிப் பெயரை மாற்றிக்கொள்ளலாம். நாடு முழுவதும் தொழில் செய்யும் உரிமை தரும் 30-ஆம் பிரிவு 2011 ஜூன் 15 முதல் நடைமுறைக்கு வந்துவிட்டபடியால், தமிழ்நாடு, புதுச்சேரி பார் கவுன்சிலில் பதிந்தவர் நெய்யாற்றின்கரையிலும் வாதிடலாம் என்பது உண்மைதான். ஆயினும் 34-ஆம் பிரிவின்கீழ் உயர் நீதிமன்றங்கள் தத்தம் விதிகளை வகுத்துக்கொள்ளலாம்; வெளி மாநிலத்தில் பதிந்தவர் உள்ளூர் வழக்கறிஞர் ஒருவரோடு சேர்ந்தே வக்காலத்து இட வேண்டும் என்ற அலகாபாத் உயர் நீதிமன்ற விதியை உச்ச நீதிமன்றம் 2016-இல் ஏற்றுக்கொண்டது. எனவே எல்லை தாண்டி முதல் வக்காலத்தைத் தாக்கல் செய்வதற்கு முன்பு அந்த உயர் நீதிமன்றத்தின் விதிகளை ஒரு மாலைப் பொழுதாவது உட்கார்ந்து படியுங்கள்.

வக்காலத்தில் ஒட்டும் நலநிதி முத்திரையும் மாநிலத்துக்கு மாநிலம் வேறு. கேரளத்தில் 1980-ஆம் ஆண்டுச் சட்டம், தமிழ்நாட்டில் 1987-ஆம் ஆண்டுச் சட்டம். இது சின்ன விஷயம் என்று வக்கீல் குமாஸ்தாவிடம் விட்டுவிடுவார்கள். அவர் விடுப்பில் போன நாளில்தான் அது பெரிய விஷயமாகும்.

குற்றவியல் சட்டங்கள்: இரண்டையும் மேசையில் வையுங்கள்

2024 ஜூலை 1 முதல் பாரதிய நியாய சன்ஹிதா, பாரதிய நாகரிக் சுரக்‌ஷா சன்ஹிதா, பாரதிய சாக்ஷ்ய அதிநியம் ஆகிய மூன்றும், பழைய தண்டனைச் சட்டம், குற்றவியல் நடைமுறைச் சட்டம், சாட்சியச் சட்டம் ஆகியவற்றின் இடத்தில் நடைமுறையில் உள்ளன. முறையே 358, 531, 170 பிரிவுகள். கட்சிக்காரர் இன்னும் "நானூற்றிருபது வழக்கு" என்றுதான் சொல்வார். அந்த மோசடிக் குற்றத்துக்கு நீங்கள் எழுத வேண்டியது 318(4). கொலைக்கு 302 போய் 103 வந்திருக்கிறது, மனைவியைக் கணவர் வீட்டார் கொடுமைப்படுத்துவதற்கான 498அ இப்போது 85, 86 என இரண்டாகப் பிரிந்திருக்கிறது, கவனக்குறைவால் நேரும் மரணம் 304அ-விலிருந்து 106-க்குப் போயிருக்கிறது. முதல் தகவல் அறிக்கை 154-இலிருந்து 173-க்கும், உயர் நீதிமன்றத்தின் உள்ளார்ந்த அதிகாரம் 482-இலிருந்து 528-க்கும் இடம் மாறியிருக்கின்றன.

இவற்றில் மிகவும் வழுக்கும் எண் 482. பழைய நடைமுறைச் சட்டத்தில் அது வழக்கை ரத்து செய்யக் கோரும் மனு. புதிய சட்டத்தில் அதே எண் முன்ஜாமீன். பல ஆண்டு அனுபவம் உள்ளவர்களே சட்டத்தின் பெயரைச் சொல்லாமல் "482 போடுங்கள்" என்று சொல்லிவிட்டு, ஜூனியர் வேறொன்றைத் தட்டச்சு செய்து வந்து நிற்பதை நான் பார்த்திருக்கிறேன். எண்ணோடு சட்டத்தின் பெயரையும் சேர்த்தே சொல்லிப் பழகுங்கள்.

ஒப்பீட்டு அட்டவணை ஒன்றை மனப்பாடம் செய்தால் போதும் என்று எண்ணுவது பிழை. எந்தச் சட்டம் எந்த வழக்குக்குப் பொருந்தும் என்பதே முதல் கேள்வி. குற்றம் 2024 ஜூன் மாதம் நடந்து, ஆகஸ்டில் வழக்குப் பதியப்பட்டிருந்தால், குற்றத்துக்குப் பழைய தண்டனைச் சட்டமும் விசாரணை முறைக்குப் புதிய நடைமுறைச் சட்டமும் பொருந்தும். ஜூலை 1-க்கு முன்பே நிலுவையில் இருந்த விசாரணைகளும் மனுக்களும் பழைய நடைமுறைச் சட்டத்தின்படியே நடக்கும் என்று புதிய நடைமுறைச் சட்டத்தின் 531-ஆம் பிரிவு காப்பாற்றி வைத்திருக்கிறது. ஜூலை 1-க்குப் பின் தாக்கலாகும் மேல்முறையீடு எதன் கீழ் வரும் என்ற ஐயம் உடனே எழுந்தது. அது புதிய நடைமுறைச் சட்டத்தின் கீழ் வரும் என்று கேரள உயர் நீதிமன்றம் அந்த மாதமே சொன்னது. ஆகையால் இன்னும் பல ஆண்டுகளுக்கு இரண்டு சட்டங்களின் மூலப் பிரதிகளும் மேசையில் பக்கத்தில் பக்கத்தில் இருக்க வேண்டும்.

எல்லையோரத்துக்கு மேலும் இரண்டு பாடங்கள் உண்டு. குற்றம் எந்த இடத்தில் நடந்திருந்தாலும் தகவலைப் பதிவு செய்ய வேண்டும் என்று 173-ஆம் பிரிவு இப்போது வெளிப்படையாகவே சொல்கிறது. மின்னஞ்சல் போன்ற வழிகளில் அனுப்பிய தகவலுக்கு மூன்று நாட்களுக்குள் கையெழுத்திட வேண்டும். "அது பாறசாலை லிமிட், இங்கே எடுக்க முடியாது" என்று திருப்பி அனுப்பப்பட்டு வருபவரிடம் நீங்கள் முதலில் காட்ட வேண்டிய பிரிவு இதுதான். இரண்டாவது, வேறு மாநிலத்தில் பதிவான வழக்குக்கு, இங்குள்ள அமர்வு நீதிமன்றமோ உயர் நீதிமன்றமோ குறிப்பிட்ட காலத்துக்கு மட்டும் முன்ஜாமீன் வழங்கலாம் என்று பிரியா இந்தோரியா வழக்கில் 2023 நவம்பர் 20 அன்று உச்ச நீதிமன்றம் வகுத்த நெறி. விசாரணை அதிகாரிக்கும் அரசு வழக்கறிஞருக்கும் அறிவிப்பு, உரிய நீதிமன்றத்தை நேராக அணுக முடியாததற்கான காரணம் ஆகியவற்றை மனுவிலேயே காட்ட வேண்டும். அந்தத் தீர்ப்பை முழுவதும் படியுங்கள், மேலே அச்சிட்ட சுருக்கமான தலைக்குறிப்போடு நிறுத்திக்கொள்ளாதீர்கள்.

மின்னணுச் சான்றுக்குப் புதிய சாட்சியச் சட்டத்தின் 63-ஆம் பிரிவு கேட்கும் சான்றிதழில் இப்போது இரண்டு பகுதிகள் உள்ளன. முதல் பகுதியைக் கருவியை வைத்திருந்தவரும், இரண்டாம் பகுதியை வல்லுநரும் நிரப்ப வேண்டும். கோப்பு மாற்றப்படவில்லை என்று காட்டும் அதன் ஹாஷ் மதிப்பும் குறிக்கப்பட வேண்டும். பழைய சாட்சியச் சட்டத்தின் 65ஆ மாதிரியை நகலெடுத்து ஒட்டினால் எதிர்த்தரப்பு விடாது.

பழைய ஆதாரங்களைப் படிக்கக் கற்றுக்கொள்ளுங்கள்

தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு தாலுகாக்களும் 1956 நவம்பர் 1 அன்று திருவிதாங்கூர்-கொச்சியிலிருந்து பிரிந்து அன்றைய சென்னை மாநிலத்தோடு சேர்ந்தன. செங்கோட்டைப் பகுதியும் அப்படியே. அதனால் இங்கே சொத்து வழக்கு என்றாலே மலையாள எழுத்தில் உள்ள பழைய ஆதாரங்கள், அதாவது சொத்துப் பத்திரங்கள், வந்துவிழும். எந்தக் கல்லூரியும் இதைக் கற்றுத் தருவதில்லை. உங்கள் தொடர்கல்வியில் மிகப் பெரிய பங்கை இதற்கே ஒதுக்க வேண்டும் என்பது என் கருத்து.

முதலில் மலையாள எழுத்தைப் படிக்கக் கற்றுக்கொள்ளுங்கள். அச்செழுத்து ஒரு மாதத்தில் வந்துவிடும், பத்திர எழுத்தரின் கையெழுத்துக்கு ஓராண்டு ஆகலாம். அடுத்து, நம் காதுக்குப் பழகிய சொற்கள் அங்கே வேறு பொருள் கொள்வதைக் கவனியுங்கள். நெய்யாற்றின்கரையில் "அன்யாயம்" என்றால் வாதியின் பிராது. அநியாயம் நடந்துவிட்டதாகப் பதற வேண்டாம். எதிருரை "பத்ரிகை" எனப்படும். வாய்தா "அவதி" ஆகிறது, அந்தச் சொல் நம் கட்சிக்காரர்களுக்கு இரு மொழிகளிலும் பொருந்தும் என்பது வேறு. மிகவும் ஏமாற்றக்கூடிய சொல் பாத்தியதை. தமிழில் அது உரிமை. கேரளத்தின் "பாத்யதா சர்டிபிகேட்" என்பதோ வில்லங்கச் சான்றிதழ். அதுபோலவே அங்கே "போக்குவரவு" என்றால் இங்கே பட்டா மாறுதல், "ஒழிமுறி" என்றால் விடுதலைப் பத்திரம். அளவும் மாறும்: கேரள வருவாய் ஆவணங்கள் ஆர் கணக்கில் எழுதும், ஓர் ஆர் ஏறத்தாழ 2.47 சென்ட்.

பிறகு கொல்லம் ஆண்டு எனப்படும் மலையாள ஆண்டுக் கணக்கு. பழைய ஆதாரங்களில் கிறிஸ்து ஆண்டு இருக்காது. 1121-ஆமாண்டு துலாம் மாதம் என்பதுபோல எழுதியிருப்பார்கள். சிங்க மாதம் ஆகஸ்ட் நடுவில் பிறப்பதால், சிங்கம் முதல் டிசம்பர் முடிவு வரை 824-ஐயும், ஜனவரி முதல் கர்க்கடகம் முடிவு வரை 825-ஐயும் கூட்ட வேண்டும். தனு மாதம் இரண்டு ஆண்டுகளுக்கும் இடையில் கிடப்பதால் தேதியையும் பார்க்க வேண்டும். நான் தொழிலுக்கு வந்த மூன்றாம் ஆண்டில், மேலே சொன்னதுபோன்ற ஒரு துலாம் மாத ஆதாரத்துக்கு 825 கூட்டி 1946 என்று பிராதில் எழுதிவிட்டேன். எழுதிக் கொடுத்தவர் 1946-இன் தொடக்கத்திலேயே காலமானவர். இறந்தவர் எழுந்து வந்து கையெழுத்துப் போட்டாரா என்று எதிர்த்தரப்பு மூத்த வழக்கறிஞர் கேட்டபோது, 1945 என்று திருத்த அனுமதி கேட்டு ஒரு மனுவும், அதற்கொரு செலவுத் தொகையும், கட்சிக்காரருக்கு ஒரு விளக்கமும் தேவைப்பட்டன.

வாரிசுரிமையில் எல்லைக்கோடு இன்னும் கூர்மையாக வெட்டும். தாய்வழி வாரிசுமுறையான மருமக்கத்தாயத்தைப் பின்பற்றும் குடும்பங்களின் கூட்டுச் சொத்தை 1976 டிசம்பர் 1 முதல் முடிவுக்குக் கொண்டுவந்த கேரளத்தின் 1975-ஆம் ஆண்டுச் சட்டம், அதற்கு இருபது ஆண்டுகளுக்கு முன்பே பிரிந்துவிட்ட விளவங்கோட்டுக்கு வராது. ஒரே தறவாட்டின் (கூட்டுக் குடும்பத்தின்) இரு கிளைகள் ஆற்றுக்கு இக்கரையிலும் அக்கரையிலும் இருந்தால், இரண்டுக்கும் தனித்தனியே சட்டம் தேட வேண்டும். மாறாக, திருவிதாங்கூர் கிறிஸ்தவ வாரிசுரிமைச் சட்டம் 1951 ஏப்ரல் 1 முதலே இந்திய வாரிசுரிமைச் சட்டத்துக்கு வழிவிட்டுவிட்டது என்று மேரி ராய் வழக்கில் 1986-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது, அந்தத் தேதியில் நாமும் திருவிதாங்கூர்-கொச்சிக்குள் இருந்ததால், நம் ஊர் கிறிஸ்தவக் குடும்பங்களின் பாக வழக்குகளுக்கும் முக்கியமானது. மகளுக்கு ஸ்திரீதனம் கொடுத்தாயிற்று, பங்கு இல்லை என்று இன்றும் வந்து சொல்பவர்களுக்கு இந்தத் தீர்ப்பைத்தான் எடுத்துக் காட்ட வேண்டியிருக்கிறது.

கட்டட வாடகையும் நீதிமன்றக் கட்டணமும் அப்படித்தான். தமிழ்நாட்டில் 2017-ஆம் ஆண்டுச் சட்டம் 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறையில் உள்ளது. எழுத்து ஒப்பந்தமும் அதன் பதிவும் அதன் அடிப்படை. கேரளத்தில் 1965-ஆம் ஆண்டு வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் தொடர்கிறது. தமிழ்நாடு தன் 1955-ஆம் ஆண்டு நீதிமன்றக் கட்டணச் சட்டத்தை 2017-இல் திருத்தி, ஏழரை விழுக்காடாக இருந்ததை மூன்றாகக் குறைத்தது. கேரளத்துக்கு 1959-ஆம் ஆண்டின் தனிச் சட்டமும் தனி அட்டவணையும் உண்டு. மேல்முறையீட்டுப் பாதையும் பிரிகிறது: குழித்துறையிலிருந்து மேலே போனால் சென்னை உயர் நீதிமன்றத்தின் 2004-இல் தொடங்கிய மதுரைக் கிளை, நெய்யாற்றின்கரையிலிருந்து போனால் எர்ணாகுளத்தில் உள்ள கேரள உயர் நீதிமன்றம்.

எங்கே, எப்போது படிப்பது

சட்ட மூலங்களை அரசின் இந்தியா கோட் இணையதளத்திலேயே பாருங்கள். கடையில் வாங்கிய கைப்பதிப்பு எந்த ஆண்டுத் திருத்தம் வரை கொண்டது என்பதை முன்பக்கத்தில் சரிபார்க்காமல் மேற்கோள் காட்டாதீர்கள். உச்ச நீதிமன்றத் தீர்ப்புகள் 2023 முதல் இ-எஸ்சிஆர் தளத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. பழைய மெட்ராஸ் தீர்ப்புகளுக்கு 1891-இல் தொடங்கிய மெட்ராஸ் லா ஜர்னலும், அக்கரை வழக்குகளுக்குக் கேரள லா டைம்ஸும் வேண்டும். இவற்றின் பழைய தொகுதிகளைச் சங்க நூலகத்தில் தேடுங்கள். செயற்கை நுண்ணறிவுச் செயலிகள் இல்லாத வழக்குகளை உள்ள வழக்குகள்போல அழகாக எழுதித் தரும். தீர்ப்பின் நகலைக் கண்ணால் பார்க்காமல் எந்த மேற்கோளையும் மெமோவில் சேர்க்க வேண்டாம். கேரள உயர் நீதிமன்றம் 2025 ஜூலையில் மாவட்ட நீதித்துறைக்கென இத்தகைய கருவிகள் குறித்த கொள்கையை வெளியிட்டிருக்கிறது. நீதிபதிகளுக்கும் ஊழியர்களுக்கும் உரியதென்றாலும் வழக்கறிஞரும் படிக்க வேண்டிய ஆவணம் அது.

நேரில் சென்று கற்க விரும்புபவர்களுக்குக் கேரள பார் கவுன்சிலின் எம்.கே. நம்பியார் தொடர்சட்டக் கல்வி அகாடமி கொச்சி கலூரில் உள்ளது. சமரசத் தீர்வில் ஆர்வம் இருந்தால் நாற்பது மணி நேர மத்தியஸ்தர் பயிற்சிக்கு இடம் கிடைக்கும்போது விடாதீர்கள். எதிரெதிர் தரப்புகளின் பேச்சைக் குறுக்கிடாமல் கேட்கும் பழக்கம் அங்கேதான் வரும், வழக்கு நடத்தும் எங்களில் பலருக்கு அது இல்லை. உச்ச நீதிமன்றத்தில் வழக்குகளைத் தாக்கல் செய்யும் உரிமையுள்ள அட்வகேட் ஆன் ரெக்கார்டு ஆக எண்ணுபவர், நான்கு ஆண்டுத் தொழிலுக்குப் பின் அங்குள்ள ஒருவரிடம் ஓராண்டு பயிற்சி பெற்றுத் தேர்வு எழுத வேண்டும் என்பதை இப்போதே கணக்கில் வைத்துக்கொள்ளலாம்.

நேரத்தைப் பொறுத்தவரை என் வழக்கம் இது. வாரத்துக்கு மூன்று மணி நேரம், பெரும்பாலும் சனிக்கிழமை முற்பகல். ஒரு மணி நேரம் அந்த வாரம் வந்த தீர்ப்புகளில் ஒன்றை முழுமையாக, ஒரு மணி நேரம் மூலச் சட்டத்தில் ஓர் அத்தியாயம், மீதி ஒரு மணி நேரம் ஒரு பழைய ஆதாரம். மே மாத விடுமுறையில் அக்கரைச் சட்டம் ஒன்றை முதலிலிருந்து முடிவு வரை.

படித்ததை ஒரு கட்டுப் பேரேட்டில் பதிவு செய்யுங்கள்: தேதி, படித்த பிரிவு அல்லது தீர்ப்பு, அதன் எண், எந்த வழக்குக்குப் பயன்படும் என்ற ஒரு வரி. இதற்கொரு நடைமுறைப் பயனும் இருக்கிறது. சிவில் நீதிபதி தேர்வுக்கு மூன்று ஆண்டுத் தொழில் அனுபவம் வேண்டும் என்று 2025 மே 20 அன்று உச்ச நீதிமன்றம் மீண்டும் விதித்திருக்கிறது. அதற்கு, பத்தாண்டு அனுபவமுள்ள வழக்கறிஞர் ஒருவர் சான்று தர வேண்டும், அங்குள்ள முதன்மை நீதித்துறை அலுவலர் அதை மேலொப்பமிட வேண்டும். அந்தச் சான்று கேட்டு ஒரு ஜூனியர் வரும்போது, அவர் ஆஜரான வழக்குகளின் எண்களையும் அவற்றுக்காகப் படித்தவற்றையும் சேர்த்து எழுதிய பேரேடு ஒன்றைக் கையோடு கொண்டுவந்தால், நான் பேனாவை எடுப்பதற்கு முன்பு யோசிக்க வேண்டியிருக்காது.